கேன்சலுக்கு மஞ்சள்

சித்தெ அக்கட்டால தள்ளிக்கோங்க தம்பி. பையைக் கீழ வைக்க முடியாதுங்க, உள்ள கல்யாணப் பத்திரிகை இருக்குது, காலு பட்டுரும். மடியிலயே வெச்சுக்கறேன். காங்கயமுங்களா? நானும் அங்கதான். அதா, முன்னால லேடீஸ் சீட்டுல தாம்பாளத்தைக் கட்டிப் புடிச்சுட்டு உக்காந்திருக்கறா பாருங்க, பச்சைச் சீலை, அவதான் என்ற ஊட்டுக்காரி தெய்வானை. அவளோட அண்ணன் ஊட்டுக்குத்தான் போறோம். பொண்ணு கல்யாணத்துக்கு அழைக்க.

சிரிச்சுட்டே உக்காந்திருக்கறா பாருங்க. சன்னல் காத்துங்க. அவளுக்குக் காத்துன்னா நெம்பப் புடிக்கும்.

ஏனுங் தம்பி, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே? உங்க போனு ஏன் அப்படிக் கருப்பா இருக்குது? கண்ணுக்கு நல்லதுங்களா? எல்லாரும் அதையேதான் சொல்றீங்க. அந்தக் கருப்பு ஸ்கிரீனால நான் பட்ட பாடு இருக்குதே. என்ற பொண்ணு மணவறையில உக்காருவாளா மாட்டாளாங்கறதே அதுல போய் நின்னுருச்சு. நம்ப மாட்டீங்க. சொல்றேன் கேளுங்க, வண்டி எப்படியும் அரச்சலூர்ல டீக்கு நிக்கும்.

எனக்கு ஈரோட்டுல பத்திரிகைக் கடைங்க. அர்த்தநாரி கார்ட்ஸ். மணிக்கூண்டுகிட்ட யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. எங்க கடை அட்டைன்னா மஞ்சமூலைக்குப் பேரு போனது. நாலு மூலையிலயும் மஞ்சள் தடவித்தான் குடுப்போம். மத்த கடையாட்ட மிசின்ல மஞ்சக் கலர் அடிச்சுக் குடுக்கற வேலையெல்லாம் கெடையாது. அசல் மஞ்சள், தண்ணி விட்டுக் கொழைச்சு, கட்டைவிரல்ல தொட்டு வெக்கறது. என்ற விரலைப் பாருங்க, கல்யாணமான நாள்லருந்து இதே கலருதான்.

இப்பத்தான் சனங்க பாதிப் பேத்துக்குப் போன்லயே அனுப்பிப் போடறாங்களே. சரி, நாமளும் ஒரு ஆப் போடலாம்னு கோயமுத்தூர்ல மிருதுளான்னு ஒரு அம்மிணிகிட்டக் குடுத்தேன். நல்ல புள்ளைங்க. படிச்ச புள்ளை. ஆனா ஒண்ணு சொன்னா அதுக்கு எதிரா ஒண்ணு சொல்லும். ஆப்புக்குப் பேரே மஞ்சமூலை. நான் என்ற கட்டைவிரலை மஞ்சள்ல தொட்டுக் காயிதத்துல வெச்சு, அதைப் போட்டோ எடுத்து அனுப்பி, அதையே எல்லா ஸ்கிரீன்லயும் நாலு மூலைக்கும் வெக்கச் சொன்னேன். வெச்சுது. தொறந்தா மஞ்சள், தள்ளுனா மஞ்சள், எங்க பாத்தாலும் என்ற கட்டைவிரலு. அத்தனை லட்சணமா இருந்துச்சுங்க.

ஆப்புக்கு மொத வாடிக்கை பெருந்துறைக்காரரு. மாப்பிள்ளைக்கு அப்பா, பேரு பொன்னுரங்கம். பொழுது எறங்குற நேரம். கடையிலயே உக்காந்து, என்ற கண்ணு முன்னாலயே அவரு போன்ல ஆப்பைத் தொறந்து, பேரையெல்லாம் போட்டு, அட்டை டிசைன் எடுத்து, "அனுப்பு"ன்னு அமுக்குனாரு. அமுக்குன ஒடனே ஸ்கிரீன் கருகருன்னு வந்து நின்னுச்சுங்க. கருப்புல வெள்ளை எழுத்து. மூலையில மஞ்சள் இல்லை, குங்குமம் இல்லை, ஒண்ணும் இல்லை. கருமாதிக் கடுதாசியாட்ட. மனுசன் துண்டை ஒதறித் தோள்ல போட்டாரு, எந்திரிச்சாரு, நேரா எதிர்க்கடைக்குப் போனாரு. எதிர்க்கடைக்காரன் எனக்குக் கேக்கற மாதிரி "வாங்க வாங்க"ன்னான்.

மிருதுளாவுக்குப் போனைப் போட்டேன்.

"ஏம்மிணி, கல்யாண ஆப்புல கருமாதி ஸ்கிரீனை எதுக்கு வெச்சே?"

"அங்கிள், அது நம்ம ஸ்கிரீன் இல்லீங். மெசேஜ் அனுப்பற ஸ்கிரீன் போனோடது. போன் கம்பெனிக்காரங்க செஞ்சு குடுத்தது. நம்ம ஆப்பு அதைக் கூப்பிட்டுக் காட்டுது, அவ்வளவுதான். அவரு போன் டார்க் மோட்ல இருந்திருக்கும்."

"எவனோட ஸ்கிரீனா இருந்தா என்ன? என்ற கடைக்குள்ள வந்து நின்னா மஞ்சள் வெச்சுட்டு நிக்கோணும்."

"அதுமேல நாம கை வெக்க முடியாதுங் அங்கிள். வாடகை வீடு மாதிரி."

வாடகைன்னுச்சு பாருங்க, அங்க புடிச்சேன் நான். "ஏம்மிணி, கல்யாண மண்டபமும் வாடகைதான். அதுக்காக வாசல்ல வாழைமரம் கட்டாமயா இருக்கறோம்?" அப்பறந்தான் அந்தப் புள்ளை எறங்கி வந்துச்சு. "மேல இருக்கற பட்டைக்கு மட்டும் கலர் மாத்தலாம் அங்கிள், அப்பறம் கருப்பு வராம எப்பவும் வெள்ளையாவே வர வெக்கலாம்"னுச்சு. வெள்ளை மட்டும் விசேசத்துக்கு ஆகுமுங்களா? ஆகாது. சரி, மேல பட்டை மஞ்சளா இருந்தா வெள்ளைச் சீலைக்கு மஞ்சக் கரை போட்ட மாதிரி ஆயிருமுன்னு மனசைத் தேத்திக்கிட்டேன். பட்டைக்கு எந்த மஞ்சள்னு மட்டும் அந்தப் புள்ளை நெம்ப நேரம் என்றகூட மல்லுக்கு நின்னுச்சு. அது அனுப்புனதெல்லாம் எலுமிச்சம்பழ மஞ்சளுங்க. கடைசியில ஒரு வெரலி மஞ்சளையே கொரியர்ல அனுப்பி வெச்சேன். ஈரோட்டுக்காரனுக்கு மஞ்சள் தெரியாதுங்களா?

வந்துச்சு தம்பி. பட்டை பளிச்சுனு வந்துச்சு. நான் சந்தோசமாப் பாக்கறேன், அந்த மஞ்சப் பட்டையில எடது பக்கத்து மூலையில ஒரு வார்த்தை. கேன்சல்.

கல்யாணப் பத்திரிகையை அனுப்பப் போற எடத்துல கேன்சல்! தம்பி, எங்க தொழில்ல அட்டையில ஒரு எழுத்து தப்பாயிட்டாக் கூட "அடிச்சுரு"ன்னு சொல்ல மாட்டோம், "சரி பண்ணு"ம்போம். முகூர்த்தம் தள்ளிப் போச்சுன்னு வந்தாக் கூட "நல்ல நாளாப் பாத்துருக்கறீங்க"ம்போம். அப்படிப்பட்ட எடத்துல கேன்சல். போனைத் தமிழுக்கு மாத்துனா நல்லாருக்குமோன்னு மாத்திப் பாத்தேன். "ரத்துசெய்"னு வந்துச்சு. அதுக்கு இங்கிலீசே தேவலைன்னு திருப்பிட்டேன்.

"வார்த்தையை மாத்து அம்மிணி. 'அப்பறம் பாத்துக்கலாம்'னு போடு."

"வார்த்தை போனோடதுங் அங்கிள். மாத்த முடியாது."

"கலரு?"

"கலர் மாத்தலாம்."

"அப்பப் பட்டைக்குப் பூசுன மஞ்சளையே அதுக்கும் பூசு. தெரியாமப் போயிரட்டும்."

அதுக்கு, "அங்கிள், கேன்சலுக்கும், அனுப்பற சென்ட் பட்டனுக்கும் ஒரே கலர்தான் வரும். ரெண்டுமே மறைஞ்சுரும். அமுக்கறவங்களுக்கு எது எங்க இருக்குன்னு தெரியாது"ன்னுச்சு. நான் சொன்னேன், "ஏம்மிணி, உன்ற ஊட்டுல கரண்டு போனா சுவிட்சு எங்கன்னு தேடுவியா? கை தானாப் போகுமல்ல? அப்படித்தான் சனங்களுக்கும் பழகிரும்." எழுதிக் குடுங்கன்னு கேட்டுச்சு. எழுதிக் குடுத்தேன். எனக்கென்ன பயம்?

பழகுச்சுங்க. எடது பக்கம் கேன்சல், வலது பக்கம் சென்ட். தெய்வானை நாள் பூரா கடையில உக்காந்து வர்ற சனத்துக்கெல்லாம் சொல்லிக் குடுத்தா. "எடது கை வேண்டாம்னு சொல்லும், வலது கை வாங்கன்னு சொல்லும்" அப்படின்னு பாட்டாவே படிச்சு வெச்சிருந்தா. எட்டாவதுதான் படிச்சிருக்கறா, ஆனா அதையெல்லாம் தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவா.

சில பேத்துக்குப் பழகலைங்க, அது உண்மை. பவானியில ஒருத்தரு கேஸ் ஏஜென்சி நம்பரைத் தப்பாத் தொட்டுட்டு, வெளிய வர வழி தெரியாம அங்கயும் இங்கயும் அமுக்கி அனுப்பி வெச்சுட்டாரு. அந்த ஏஜென்சிக்காரரு குடும்பத்தோட வந்து, ரெண்டு பந்தி உக்காந்து, மொய்யும் எழுதிட்டுப் போனாரு. இப்ப அவிய ரெண்டு குடும்பமும் ஒண்ணா ஊட்டிக்குப் போறாங்களாம். இன்னொருத்தரு விவாகரத்து வக்கீலுக்கே பத்திரிகை அனுப்பீட்டாரு. அதுக்கு நான் என்னங்க பண்றது? மங்களமா இருந்துச்சா இல்லையா, அதைத்தான பாக்கோணும்.

டிக்கெட்டுங்களா? எடுத்தாச்சு கண்டக்டர், லேடீஸ் எடுத்துட்டாங்க. எல்லாம் அவதான் எடுப்பா.

எங்க விட்டேன்? ஆமா, தெய்வானையோட அண்ணன், என்ற மச்சான். இந்த மச்சான் பேரு ராக்கியண்ணன். காங்கயத்துல தேங்காய்க் களம் வெச்சிருக்கறான். நானும் அவனும் ஒரே தட்டுல தின்னவங்க தம்பி. என்ற கடைக்கு மொத அட்டை ஆர்டரே அவன் கல்யாணந்தான். அப்படி இருந்தவன். நான் புது ஊடு கட்டிக் குடி போனேன், என்ற பொண்ணு சங்கவி காலேசுல சேந்த வருசம். கிரகப்பிரவேசப் பத்திரிகையில தாய்மாமன்னு அவன் பேரைப் போட்டேன். அவன் பேரோட "தேங்காய் பருப்பு வியாபாரிகள் நலச்சங்க முன்னாள் துணைச் செயலாளர்"னு சேத்துப் போடோணும்னு சொன்னான். அத்தனையும் ஒரு வரியில எப்படிங்க அடங்கும்? எழுத்தைச் சின்னதாக்குனேன். தொழில் தெரிஞ்சவன் அப்படித்தான் பண்ணுவான்.

விசேசத்தன்னைக்கு வந்தான். கூடத்துல ஒறம்பரை, சொந்தபந்தம் பூரா உக்காந்திருக்குது. சட்டைப் பையில கை வுட்டு ஒரு பூதக்கண்ணாடியை எடுத்தானுங்க. எடுத்து, பத்திரிகைமேல வெச்சு, அவன் பேரைத் தேடித் தேடிப் படிச்சான். அத்தனை பேத்துக்கு முன்னால! என்ற தொழிலைக் கேலி பண்றான்னு எனக்கு ஒடம்பெல்லாம் எரிஞ்சுது. மூஞ்சியைத் திருப்பிக்கிட்டேன். பந்தி முடிஞ்சு பாத்தா ஆளைக் காணோம். கை நனைக்காமப் போயிட்டான். அன்னையோட பேச்சு வார்த்தை அத்துப் போச்சு.

இப்பச் சங்கவிக்குக் கல்யாணம். நல்ல எடம், தாராபுரம். அவ சொல்லிப்போட்டா, "மாமன் கையால மாலை வாங்குனாத்தான் மணவறைக்கு வருவேன். இல்லைன்னா நீங்களே போய் உக்காந்துக்கோங்கப்பா." நான் சொன்னேன், "அவன் வந்து கேக்கட்டும், நான் போக மாட்டேன்." தெய்வானை அழுகலை, சண்டை போடலை. ஆப்பைத் தொடைச்சுத் தொடைச்சு வெச்சுட்டிருந்தா, போன் கண்ணாடியைத்தான் சொல்றேன்.

மொதப் பத்திரிகை கொலதெய்வத்துக்குத்தான வெக்கோணும். கோயில்ல கொண்டு போய் வெச்சாச்சு. அடுத்தது பூசாரிக்கு ஆப்புல அனுப்பி, மஞ்சமூலையை நாமளே நல்லபடியா ஆரம்பிக்கலாம்னு உக்காந்தேன். தெய்வானைதான் போனை எடுத்துக் குடுத்தா. "பூசாரி பேரை எடுத்து வெச்சுட்டேனுங் மாமா, நீங்க பாத்து அமுக்குங்க"ன்னா. வாங்கிப் பாக்கறேன், மஞ்சப் பட்டைக்குக் கீழ "தாய்மாமன் ராக்கியண்ணன்"னு இருக்குது! நம்ம ஆப்பு என்ன பண்ணுமுன்னா, யாருக்கு அனுப்பறமோ அவிய பேரை மொத வரியில தானாப் போட்டுக்கும். "தாய்மாமன் ராக்கியண்ணன் அவர்களே, வருக"ன்னு வந்து நிக்குது. இந்தப் போனுங்களே இப்படித்தான் தம்பி, ஒண்ணைத் தொட்டா இன்னொண்ணுக்குத் தாவும்.

"கேன்சல், கேன்சல்"ங்கறேன். கடையில நின்னு அந்த வார்த்தையை அன்னைக்குத்தான் மொத மொதலாச் சொன்னேன். ஸ்கிரீன்ல பாத்தா மேல பூரா மஞ்சளு, ஒரு எழுத்துத் தெரியலை. படபடப்புல எடதா வலதான்னு எனக்கே மறந்து போச்சு. "கேன்சல் எந்தப் பக்கம் புள்ளே?"ன்னு கேட்டேன். "வலது பக்கமுங் மாமா"ன்னா. சந்தேகத்துல விரலை எடது பக்கம் கொண்டு போனேன். "அங்கில்லீங், இங்க"ன்னு என்ற விரலைப் புடிச்சு வலது பக்கத்துல வெச்சு அவளே அமுக்கியும் வுட்டா.

போயிருச்சு.

பாவம், அவ என்ன பண்ணுவா? எதுத்தாப்புல நின்னுட்டிருந்தாளல்ல, அவளுக்கு வலதுன்னா எனக்கு எடதுங்க. பதட்டத்துல அவளுக்கும் கொழம்பிப் போச்சு. "அய்யோ மாமா, போயிருச்சுங்களே"ன்னு வாயைப் பொத்திக்கிட்டா. ஒடம்பெல்லாம் குலுங்குச்சு. அத்தனை பயம். நான்தான் தைரியம் சொன்னேன், "நீ என்ன புள்ளே பண்ணுவே, அந்த மிருதுளாவைச் சொல்லோணும். ரெண்டுக்கும் ஒரே கலர் வரும்னா அதைக் கண்டிசனாச் சொல்லியிருக்க வேண்டாமா?"

எனக்கு அப்பத்தான் ஒறைச்சுது. தாய்மாமனுக்கு நேர்ல போய் வெத்தலைபாக்கு வெச்சு அழைக்கோணும். போன்ல அனுப்பறது பேரைச் சின்னதாப் போட்டதைவிடப் பெரிய அவமானமல்ல? இனி அவன் எங்க வருவான்? சங்கவி எங்க மணவறைக்கு வருவா? பட்டறையில அட்டைக் கட்டு மேல தலையில கை வெச்சு உக்காந்துட்டேன். அப்பப் போன் அடிச்சுது. ராக்கியண்ணன்.

"மாப்ளே"ன்னான். குரலு ஒடைஞ்சு கெடக்குது.

போனைக் காதோட அழுத்திக்கிட்டேன்.

"மாப்ளே, இப்பத்தான்டா என்ற பேரை என்னால படிக்க முடிஞ்சுது."

கேலி பண்றான்னுதான் மொதல்ல நெனைச்சேன். அப்பறம் அவனே சொல்றான். கண்ணுல பொரை வந்து, வருசக் கணக்கா லென்ஸ் இல்லாம ஒண்ணும் தெரியாதாம். வெளிய சொல்ல வெக்கப்பட்டுட்டு இருந்தானாம். போன மாசந்தான் ஆபரேசன் பண்ணியிருக்குது. டாக்டர் சொல்லிப் போனைக் கருப்பாக்கி, எழுத்தை இருக்கறதுலயே பெரிசா வெச்சுக் குடுத்திருக்கறாங்க. "ஸ்கிரீன்ல 'தாய்மாமன்'னு போட்டாலே ரொம்பிப் போகுது மாப்ளே. என்ற பேரைப் பாக்கறதுக்குக் கீழ தள்ள வேண்டியிருக்குது. களத்துல அத்தனை பேத்துக்கும் காட்டிட்டேன். இத்தனை பெருசா எவன்டா போடுவான் தாய்மாமன் பேரை?"

அப்ப அவன் போன்ல மஞ்சளும் இல்லை, பட்டையும் இல்லை. கருப்பு ஸ்கிரீன், வெள்ளை எழுத்து. அதைப் பாத்துத்தான் மனுசன் அழுதிருக்கறான். மஞ்சளா இருந்திருந்தா இன்னும் நல்லா அழுதிருப்பான், அதை நான் வுட்டுக் குடுக்க மாட்டேன்.

"அப்ப அன்னைக்கு எதுக்கு மச்சான் சாப்பிடாமப் போனீங்க?"ன்னு கேட்டேன்.

"நீ கூப்பிடலியே மாப்ளே. வருவே வருவேன்னு கை கழுவற எடத்துலயே நின்னுட்டிருந்தேன். நீ திரும்பியே பாக்கலை"ன்னான்.

கண்ணு தெரியலைன்னா வாயைத் தொறந்து சொல்லோணுமல்லங்க? நான் என்ன சோசியமா பாக்கறேன்? போனை வெச்சுட்டுச் சித்தெ நேரம் தேம்பித் தேம்பி அழுதேனுங்க. தெய்வானை வந்து என்னாச்சுன்னா. விரல்ல இருந்த மஞ்சளு கண்ணுல பட்டுருச்சுன்னேன். "ஆமாங் மாமா, மஞ்சள் எரியத்தான் செய்யும்"னு முந்தானையால தொடைச்சு வுட்டா. வெகுளிங்க அவ. எதைச் சொன்னாலும் நம்பிருவா.

இந்தப் பையில இருக்கறது புது அட்டைங்க. மொதல்ல அடிச்சதுல அவன் பேரே இல்லை, அதையெல்லாம் எடைக்குப் போட்டுட்டேன். இதுல பாருங்க, தாய்மாமன் பேரு, போன்ல வந்த அதே சைசு. கொஞ்சம் எடம் பத்தலை. மாப்பிள்ளை பேரு பின்பக்கம் போயிருச்சு. தாராபுரத்துச் சம்பந்திக்கு இன்னும் காட்டலை, பாத்துக்கலாம்.

அதா, காங்கயம் வந்தாச்சு. பஸ் ஸ்டாண்டுலயே நிக்கறான் பாருங்க தம்பி, கருப்புக் கண்ணாடி, வெள்ளை வேட்டி, எறங்கற ஒவ்வொருத்தர் மொகத்தையும் கிட்டப் போய்க் கிட்டப் போய்ப் பாத்துட்டிருக்கறான். எளைச்சுட்டான். ஊட்டுல சமையல் ஆயிருச்சாம், எலை போட்டு வெச்சிருக்கறாங்களாம். நான் ராத்திரியே நெனைச்சு வெச்சுட்டேன். அங்க போய், தாம்பாளத்தைக் குடுக்கறதுக்கு முந்தி, கை கழுவற எடத்துக்கு நேராப் போய் நிக்கப் போறேன். அவன் ஊடு, அவன் சோறு, அதனால என்னங்க? "வாங்க மச்சான், சாப்பிடலாம்"னு நான்தான் மொதல்ல கூப்பிடுவேன்.